அனாகிதா: ஈரானின் நீர்த் தெய்வம்

ஈரானின் பெரும்பகுதி மழை குறைந்த மேட்டுநிலம். ஓர் ஊர் செழிப்பதும் அழிவதும் அங்கு நீரைப் பொறுத்தே அமையும். அந்த மண்ணின் ஆதி மாந்தர் தண்ணீரைத் தெய்வமாக வணங்கியதில் வியப்பேதுமில்லை. அத்தெய்வத்தின் பெயர் அனாகிதா. 'மாசற்றவள்' என்பது அதன் பொருள்.

சரதுஷ்டிர சமயத்தின் திருநூலான அவெஸ்தாவில் அவளைப் போற்றும் நெடும் பாடல் ஒன்று உண்டு. 'ஆபான் யஷ்ட்' என்பது அதன் பெயர். 'ஆபான்' என்றால் நீர்கள். காற்று, மழை, முகில், ஆலங்கட்டி ஆகிய நான்கையும் குதிரைகளாகப் பூட்டிய தேரில் அவள் வருவதாக அப்பாடல் கூறும். பயிருக்கும் மகப்பேற்றுக்கும் அவளே காவல். போரில் வெற்றி தருபவளும் அவளே. அவளது பழம்பெயர் 'ஹரஹ்வதி' என்பது மொழியியலாளர் சிலரது கருத்து. வடமொழியின் சகரம் ஈரானிய மொழிகளில் ஹகரமாகும். அவ்வாறு நோக்கின், நாம் கல்வித் தெய்வமாக வணங்கும் சரஸ்வதியும், வேத காலத்தில் நதியாகப் போற்றப்பட்டவள் என்ற வகையில், அவளுக்கு உறவினளே.

பாரசீகப் பேரரசர் முதலாம் தாரியஸ் தமது கல்வெட்டுகளில் அகுரமஸ்தாவை மட்டுமே பெயர் குறித்து வேண்டினார். அவருக்குப் பின் கி.மு. 404 இல் அரியணை ஏறிய இரண்டாம் அர்த்தசெர்க்சஸ், அகுரமஸ்தாவுடன் அனாகிதாவையும் மித்ராவையும் சேர்த்து அழைத்தார். பாபிலோன், சூசா, எக்பதானா முதலிய நகரங்களில் அவளுக்குச் சிலை நிறுவியவரும் அவரே என பாபிலோனிய குரு பெரோசஸ் எழுதினார்.

அரச ஆதரவு பொன்னைக் கொணர்ந்தது; பொன் கொள்ளையரைக் கொணர்ந்தது. எக்பதானாவில் அவளுடையதெனக் கருதப்படும் ஆலயத்தை அலெக்சாந்தருக்குப் பின் வந்தோர் அடுத்தடுத்துச் சூறையாடினர். எஞ்சியிருந்ததைக் கொண்டு மூன்றாம் அந்தியோக்கஸ் ஏறத்தாழ 4,000 தாலந்து நாணயம் அடித்தார் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ்.

உரோமானியத் தளபதி மார்க் அந்தோனியின் படையினர் அவளது பொற்சிலையைக் கவர்ந்தனர். அதுபற்றி மூத்த பிளினி ஒரு கதை சொல்கிறார். முதலில் சிலையில் கைவைத்தவன் பார்வை இழந்து மாண்டானாமே என்று அகஸ்டஸ் ஒரு பழைய படைவீரரிடம் விருந்தின்போது வினவினாராம். அவ்வீரர், "அவன் நானே, தாங்கள் இப்போது உண்பது அவளது காலின் விலை" என்ற கருத்துப்பட விடை பகர்ந்தாராம்!

எனினும் வழிபாடு அத்துடன் மறைந்துவிடவில்லை. கி.பி. 3 ஆம் நூற்றாண்டில் எழுந்த சசானிய மரபின் முன்னோர் சாசான், இஸ்தக்ரில் அவளது ஆலயப் பொறுப்பாளராக இருந்தவர் என்பர். தாக்-இ-பொஸ்தான் பாறைச் சிற்பத்தில், முடி சூடும் அரசனருகே குடத்திலிருந்து நீர் வார்த்து நிற்பவள் அவளே என்பது ஆய்வாளர் கருத்து.

651 இல் கடைசி சசானிய அரசர் கொல்லப்பட்டார். நாட்டின் சமயம் படிப்படியாக மாறியது. ஆயினும் அவள் பெயர் அழியவில்லை. பாரசீக மொழியில் வெள்ளிக் கோளுக்கு 'நாஹித்' என்று பெயர். ஈரானியர் தம் பெண்குழந்தைகளுக்கும் அப்பெயரைச் சூட்டுகின்றனர். ஈரானிய நாட்காட்டியின் எட்டாவது மாதம் 'ஆபான்'.

பெயர் நிலைத்தது, நீரின் நிலை வேறு. பண்டைய பாரசீகர் ஆற்றில் எச்சில் உமிழவோ கை கழுவவோ மாட்டார்கள் என எரொடோட்டஸ் எழுதினார். அந்நாட்டில் இன்று அணைகளாலும் அளவிறந்த நீரெடுப்பாலும் ஊர்மியா ஏரி வெகுவாகச் சுருங்கியுள்ளது. இஸ்பகானின் சயந்தே நதி பல மாதங்கள் வரண்டு கிடக்கிறது. 2021 நவம்பரில் விவசாயிகள் அதன் வரண்ட படுகையிலேயே கூடித் தண்ணீர் கேட்டுப் போராடினர்.

பொன்னைக் கவர்ந்தோர் ஒரு சிலையையே அழித்தனர். ஆற்றை வற்றச் செய்வோர் அச்சிலை எதைக் குறித்ததோ அதையே அழிக்கின்றனர்.