திரிபுகளின் வரலாறு: ஃபிராக்டல் சுடரோவியங்கள் குறித்து

அபோஃபிசிஸ் என்னும் மென்பொருளின் திருத்தப் பலகையைத் திறந்தால் முக்கோணங்கள் சில தென்படும். ஒன்றின் முனையைப் பற்றிச் சற்றே இழுத்தால் சங்கு போலிருந்த உருவம் இறகாகிவிடும். இவ்விந்தைக்குப் பின்னுள்ள வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஃபிராக்டல் என்னும் சொல்லை 1975இல் பெனுவா மாண்டல்பிராட் ஆக்கினார். உடைந்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதற்கு வேர். தொடர்ந்து 1981இல் ஜான் ஹட்சின்சன் வகுத்த கணிதத்தை மைக்கேல் பார்ன்ஸ்லி 1988இல் வெளிவந்த தம் நூலால் பரவலாக்கினார். அவருடைய பெரணி இலையை அறியாதார் இத்துறையில் இலர். நான்கு உருமாற்றங்கள், ஒவ்வொன்றிற்கும் ஆறு எண்கள், ஆக 24 எண்களுக்குள் ஓர் இலை முழுதும் அடங்கிவிடுகிறது. புள்ளி ஒன்றை எடுத்து, நான்கில் ஒரு விதியைக் குருட்டுவாக்கில் தேர்ந்து, அதன்படி நகர்த்திக்கொண்டே போகவேண்டும். நூற்றுக்கு 85 முறை ஒரே விதிதான் வாய்க்கும். தண்டின்மேல் இலை அடுக்கி வளர்வது அதனாலேயே. முக்கோணத்தின் மூன்று முனைகளும் அந்த ஆறு எண்களின் வேற்றுருவே என்பதை இங்கே நினைவிற்கொள்க.

ஆயினும் பார்ன்ஸ்லியின் விதிகள் நேர்கோட்டை நேர்கோடாகவே வைப்பவை. 1992இல் ஸ்காட் டிரேவ்ஸ் அவ்விதிகளுக்குப் பின் வளைக்கும் சார்புகளைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் வேரியேஷன் எனப்படும் அவற்றைத் திரிபு என்றே வழங்குவோம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாவிற்கு வேறு சொல் வரவில்லை! 'ஸ்பெரிக்கல்' என்னும் திரிபு மையத்திலிருந்து கால் அலகு தொலைவிலுள்ள புள்ளியை நான்கு அலகு தொலைவிற்குத் தள்ளும். வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். 'ஸ்வர்ல்' தொலைவுக்குத் தக்கவாறு சுழற்றும். 'சைனுசாய்டல்' எத்துணைப் பரந்த வெளியையும் சிறு சதுரமொன்றில் அடக்கிவிடும். இவற்றை எடையிட்டுக் கலக்கலாம் என்பதே சிறப்பு. நேர்த்திரிபு 0.7, சுழல் 0.3 என்றால் ஓர் உருவம். எண்களை இடம் மாற்றினால் முற்றிலும் வேறு.

ஒளியையும் டிரேவ்ஸ் புதுவிதமாய்க் கையாண்டார். ஓரிடத்தில் பத்து இலட்சம் முறையும் வேறோரிடத்தில் பத்து முறையும் புள்ளி விழுந்தால், பின்னது இருளில் மறைந்துபோகும். எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்தால் முன்னது 6, பின்னது 1. மெல்லிய புகைபோன்ற இழைகளும் கண்ணுக்குப் புலனாகின்றன. சுடர் என்னும் பெயருக்கு இவ்வொளியே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

நிரலை அவர் யாவர்க்கும் பொதுவாக்கியமையால் கிளைகள் பெருகின. 1999இல் அவரே 'எலக்ட்ரிக் ஷீப்' என்னும் திரைக்காப்பைத் தொடங்கினார்; காண்போர் வாக்களிக்க, விரும்பப்பட்ட சுடர்களின் எண்கள் மரபணுக்கள்போல் அடுத்த தலைமுறைக்குச் சென்றன. மார்க் டவுன்சென்ட் விண்டோசுக்கென உருவாக்கிய அபோஃபிசிஸ், நிரல் அறியாதார் கையிலும் முக்கோணங்களைக் கொடுத்தது. பின்வந்த ஜேவைல்ட்ஃபயரில் திரிபுகள் நூற்றுக்கணக்காயின.

இப்பெருக்கத்திலேயே ஓர் இழப்பும் ஒளிந்துள்ளது. சுடரோவியத்தின் மூலம் படமன்று; எண்களும் திரிபுகளின் பெயர்களும் எழுதிய சிறு உரைக்கோப்பு. ஆர்வலர் பலர் தாமே திரிபுகளை எழுதிச் செருகுநிரல்களாகப் பகிர்ந்தனர். அச்செருகுநிரல் இல்லாத கணினியில் கோப்பு திறந்தாலும் ஓவியம் அதுவாயிராது. சுவடி கிடைத்தும் எழுத்து விளங்காத நிலை என்க. உ.வே.சா. பாடவேறுபாடுகளைக் குறித்துவைத்ததால் நாம் ஒப்பிட முடிகிறது. இங்கே எந்தத் திரிபின் எந்தப் பதிப்பு என்று குறித்தவர் மிகச் சிலரே.

குறை கூறும் தகுதி நமக்கும் இல்லை. 2008இல் நாம் செய்த சுடரொன்று படமாக மட்டும் இருக்கிறது. மூன்று முக்கோணங்கள், ஒன்றில் சுழல் திரிபு என்பதுவரை நினைவுண்டு. மறுபடி செய்துபார்க்கப் பல இரவுகள் முயன்றோம். இடப்புற வளைவு ஏறக்குறைய வந்தது, எடைகள் வரவில்லை.