ஓர் அரங்கமும் ஒரு சமூகமும்

கட்டடம் பழுதுற்றால் கொத்தனார் சீர்செய்வார். கட்டடத்தின் நினைவு பழுதுற்றால் அதனைச் சீர்செய்பவர் யார்? இவ்வினாவிற்கு விடையாக நிற்கும் பள்ளியரங்கம் ஒன்றின் வரலாற்றை, நம் கழகத்தின் வெள்ளிவிழா வேளையில் இளைஞர்கள் அறிதல் நலம். அவ்வரங்கம் இருப்பது அமெரிக்காவில். ஆயினும் அது நமக்கு அயலானதன்று. இந்தியத் தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அண்ணல் அம்பேத்கர் 1946ஆம் ஆண்டிலேயே அறிஞர் டு பாய்சுக்கு எழுதிய மடலில் சுட்டியுள்ளார்.

வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்துச் சிற்றூர் பார்ம்வில். வெள்ளையர் பிள்ளைகட்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகட்கு வேறு பள்ளி என்பது அந்நாளைய சட்டம். 1920இல் கறுப்பினப் பெண்கள் அங்கு ஒரு மாதர் மன்றம் தொடங்கித் தம் பிள்ளைகளின் கல்விக்காக இடையறாது முயன்றனர். 1939இல் மோட்டன் உயர்நிலைப்பள்ளி எழுந்தது. 180 மாணவர்க்கெனக் கட்டப்பெற்ற அப்பள்ளியில் 1951ஆம் ஆண்டில் 450 பேரளவில் பயின்றனர். அரங்கத்திலேயே ஒரே வேளையில் பல வகுப்புகள் நடந்தன. எஞ்சியோர்க்குத் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளே வகுப்பறைகள்.

1951 ஏப்ரல் 23 அன்று மாணவர் அனைவரும் அரங்கிற்கு அழைக்கப்பட்டனர். திரை விலகியது. மேடையில் நின்றவர் தலைமையாசிரியர் அல்லர். 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ். தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசிச் செய்தி ஒன்றால் முன்னரே வெளியே அனுப்பியிருந்தனர். தலைமையாசிரியனாகிய நான் இச்செயலைப் பாராட்டலாகாது. எனினும் அச்சிறுமியின் நெஞ்சுரத்தைப் போற்றாதிருக்க இயலவில்லை. அவர் சொற்கேட்டு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதிலிருந்து பிறந்த வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாதெனத் தீர்த்த பிரவுன் வழக்கின் ஐந்து வழக்குகளுள் ஒன்றாயிற்று.

தீர்ப்பை ஏற்க மறுத்த மாவட்ட ஆட்சியினர் 1959இல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினர். வெள்ளையர் தம் பிள்ளைகட்குத் தனியார் பள்ளி அமைத்துக்கொண்டனர். கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்தாண்டுகள் கல்வியின்றித் தவித்தனர். 1964இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின்னரே பள்ளிக் கதவுகள் திறந்தன.

ஆண்டுகள் உருண்டன. 1990களில் பழைய மோட்டன் கட்டடத்தில் வகுப்புகள் நின்றன. அது கைமாறி அழியும் நிலை எய்தியது. அப்போது அதனைக் காக்க முன்வந்தவர் யாவர்? பள்ளி வேண்டுமென அன்று போராடிய அதே மாதர் மன்றத்தின் வழிவந்தோரே! அவர்தம் முயற்சியால் கட்டடம் பிழைத்தது. 1998இல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னமாயிற்று. வேலைநிறுத்தத்தின் பொன்விழா நாளாகிய 2001 ஏப்ரல் 23 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 2013இல் நிலையான கண்காட்சி அமைந்தது. இன்று அவ்வரங்கத்தினுள் நுழைவோர்க்கு அந்நாளின் நிகழ்ச்சி திரைப்படமாகக் காட்டப்படுகிறது. புதுமைக் கருவிகள் வந்தன. ஆனால் அவை பழைய மேடையை மறைக்க வரவில்லை, அதனைப் பேசவைக்கவே வந்தன.

புதுப்பித்தலின் பொருள் இதுவே. நம் ஊர்களிலும் நம் முன்னோர் கூலியில் மிச்சம் பிடித்தும், மண் சுமந்தும் எழுப்பிய பள்ளிக்கூடங்கள் உண்டு. அவற்றிற்கு மின்விசிறியும் ஒலிபெருக்கியும் கணிப்பொறியும் வேண்டும், ஐயமில்லை. ஆனால் வெள்ளையடிக்கும்போது கொடையாளர் பெயர்ப்பலகையைக் கழற்றி எறியாதீர். முதல் சேர்க்கைப் பதிவேட்டைக் கரையானுக்கு இரையாக்காதீர். மண் சுமந்தவர் பெயரை மூத்தோரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். நாளை கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.

பிறர் நம் வரலாற்றைக் காப்பர் என்று காத்திருத்தல் ஆகாது. அரங்கத்தை வென்றவர் பிள்ளைகளே அரங்கத்தைக் காத்தனர். அவ்வழி நமக்கும் வழியாகுக!