ஓர் அங்குலத்திற்கு 14 மரைகள்



பழைய கருவிகளின் வரலாற்றைப் படிப்பதில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. இம்முறை நான் எடுத்துக்கொண்டது சற்று விந்தையான கருவி. சுட்டு முடித்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை மறுபடியும் நிரப்புவதற்கு அமெரிக்கர்கள் பயன்படுத்தும் கை அழுத்தப்பொறி அது. "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தோட்டா எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆயினும், துருவேறிக் கிடக்கும் ஒரு பழைய அழுத்தப்பொறியை மீண்டும் இயங்க வைக்க முடிகிறதே, அதன் காரணத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீமூட்டும் சிறு மூடியான பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டபின் எஞ்சுவது கூடு மட்டுமே. விலை மிகுந்த உறுப்பும் அதுவே. பிரைமரில் இருவகை உண்டு. ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சரும் அமெரிக்கரான ஹைரம் பெர்டானும் 1866ஆம் ஆண்டிலேயே தத்தம் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டான் முறையில் நடுவை விட்டு விலகிய சிறு துளைகள், ஊசிக்கு வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் மறுநிரப்பு வேரூன்ற இதுவும் ஒரு காரணம்.

1870களில் மேற்குப் புல்வெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் கூடாரத்தருகே அமர்ந்து தங்கள் கூடுகளைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். கடை தொலைவு, தோட்டா விலையும் அதிகம். அவர்களின் சிக்கனத்தை மெச்சுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்குகளில் ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே எஞ்சியதாக 1889இல் கணக்கிடப்பட்டது. சிக்கனம் எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொல்லாமல் சிக்கனத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் அரைப்பாடமே.

ஜான் பார்லோ என்பவர் 1884இல் ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கி, குறடு போன்ற நிரப்புக் கருவிகளைச் செய்து விற்றார். 1925இல் லைமன் நிறுவனம் அதை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அந்நிலையில் 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் குண்டை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைச் செய்யத் தொடங்கினார். ஆர்சிபிஎஸ் என்ற புகழ்பெற்ற நிறுவனம் அவ்வாறு பிறந்ததே.

அக்காலத்து அழுத்தப்பொறியின் அமைப்பு எளிது. வார்ப்பிரும்புச் சட்டம், அதனுள் மேலும் கீழும் நகரும் தண்டு, தண்டை உந்தும் நெம்புகோல், உச்சியில் அச்சைத் திருகிப் பொருத்த மரையிட்ட துளை. நெம்புகோலை அழுத்தினால் தண்டு கூட்டைத் தூக்கி அச்சுக்குள் செலுத்தும். சுட்டபோது விரிந்த கூடு பழைய அளவுக்குச் சுருங்கும்.

இதைச் சீரமைப்பதும் பொறுமையான வேலையே அன்றி மந்திரமன்று. முதலில் சட்டத்தில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அப்பொறி காட்சிப் பொருளாகவே இருக்கட்டும். பிறகு மூட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்து, ஆணிகளைக் கழற்றி, மெல்லிய எஃகுப் பஞ்சால் துருவைத் தேய்த்தெடுப்பர். தேய்ந்த ஆணிகளை மாற்றுவர். தண்டு ஆட்டமின்றி நேராக ஏறுகிறதா என்று சோதிப்பர். மரைக்குள் படிந்த அழுக்கை வழித்தெடுத்து எண்ணெயிடுவர். பொறியோடு கிடைக்கும் பழைய வெடிமருந்து அளவுக் குறிப்புகளை மட்டும் எவரும் நம்பக் கூடாது. மருந்து வகைகள் மாறிவிட்டன.

இத்தனையும் செய்தபின் அப்பொறிக்கு அச்சு எங்கே கிடைக்கும்? இங்குதான் பாடம் இருக்கிறது. ஏழின்கீழ் எட்டு என்று பிழையாகச் சொல்லாமல், எட்டில் ஏழு பங்கு அங்குல விட்டம், அங்குலத்திற்கு 14 மரைகள் என்னும் அளவைப் போட்டி நிறுவனங்கள் பலவும் பொதுவாக ஏற்றுக்கொண்டன. ஆகவே அவ்வளவில் மரையிட்ட பழைய பொறியில் இன்று வாங்கிய அச்சும் பொருந்தும். மாறாக, லைமனின் 310 எண் கைக்கருவியின் அச்சுகள் சிறியவை. அங்குலத்திற்கு 30 மரைகள். அவை இப்பொறியில் நேரடியாகப் பொருந்தா.

இந்த ஒப்புரவு தானாக வந்ததன்று. முன்பு பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரையை 1841இல் முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையை முன்வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாததன் இடரை இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகள் நன்றாகவே உணர்ந்தன. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டது 1948இல்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை. கால் அங்குலப் போல்ட் ஒன்றையும் 6 மில்லிமீட்டர் நட் ஒன்றையும் மாணவரிடம் கொடுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம். திருகிப் பார்த்தால் சேரா. எது நல்லது என்று கேட்காதீர்கள்; இரண்டுமே நல்லவை. ஏன் சேரவில்லை என்று கேளுங்கள். தன் வேலை தனியாகச் சிறந்தால் போதாது, பிறர் வேலையோடு பொருந்தவும் வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வர்.

இரும்பு துருப்பிடிக்கும்; துருவைத் தேய்த்துவிடலாம். பொது அளவு இல்லாத பொறியையோ எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாக மீட்க முடியாது. பெற்றோரும் வீட்டில் பழுதான பொருளைத் தூக்கியெறியுமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒருமுறை கழற்றிக் காட்டுங்கள்.