பில்ட்ரூட்: காப்பியடித்த விதிகள் ஒரே வரியான கதை

காமர்ஸ் படிக்கிறவனுக்கு மேக்ஃபைலில் என்ன வேலை என்று கிளாஸ் நண்பர்கள் கேட்கலாம். ஒரே கணக்கை நூறு இடத்தில் கையால் எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? இதுவும் அந்த மாதிரிக் கதைதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 இறுதியில் வந்தது. ஆரம்ப மாடல்களில் 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ராம், அவ்வளவுதான். உள்ளே ஓடியது லினக்ஸ். அப்படியென்றால் ஜிபிஎல் உரிமப்படி சோர்ஸ் கோடைக் கொடுத்தாக வேண்டும் என்று லினக்ஸ் ஆர்வலர்கள் கேட்டார்கள். 2003-ல் நிறுவனமும் வெளியிட்டது. அதை வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி.

கோடு கையில் கிடைத்தால் போதுமா? ரவுட்டரில் இருப்பது மிப்ஸ் சிப். அதற்கான புரோகிராமை நம் பிசியில் கம்பைல் செய்ய வேண்டும். இங்கே உதவிக்கு வந்தது பில்ட்ரூட். யுசிலிப்சி என்ற சின்ன சி லைப்ரரியை எழுதியவர்கள், அதைச் சோதித்துப் பார்க்க 2001 வாக்கில் ஆரம்பித்த மேக்ஃபைல் தொகுப்பு அது.

பழைய முறை எப்படி இருந்தது?

ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ஃபைல். அதில் டவுன்லோட் செய், பிரி, பேட்ச் போடு, கான்ஃபிகர் செய், கம்பைல் செய், இன்ஸ்டால் செய் என்று எல்லாப் படியும் கையால் எழுதியிருக்கும். ஒரு படி முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி வைப்பார்கள். கான்ஃபிகர் படியில் மட்டும், எந்த ஃபைல் எந்த டைரக்டரிக்குப் போக வேண்டும் என்று பத்து வரிக்கு மேல் நீளும். புதிதாக ஒன்றைச் சேர்க்கிறவர் பக்கத்து ஃபைலைக் காப்பியடித்துப் பெயரை மாற்றுவார். அதில் தப்பு இருந்தால் அதுவும் கூடவே வரும். பொதுவான ஒரு ஆப்ஷனை மாற்ற வேண்டுமென்றால் அத்தனை ஃபைலையும் திறக்க வேண்டும். சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செலவு, யோசித்துப் பாருங்கள்.

வழி எங்கிருந்து வந்தது?

மேக் என்ற கருவியை ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் பெல் லேப்ஸில் எழுதினார். 2002-ல் வந்த குனு மேக் 3.80-ல் 'இவால்' என்ற வசதி சேர்ந்தது. வெற்றுப் படிவம் ஒன்றை எழுதி வைத்துவிட்டால், பெயரைக் கொடுத்ததும் மேக்கே அதை நிரப்பி, நாம் எழுதிய விதி போலவே எடுத்துக்கொள்ளும்.

ஓப்பன்டபிள்யூஆர்டிக்காரர்கள் பில்ட்ரூட்டை இந்த வழியில் மாற்றி எழுதினார்கள். 2007 ஜூனில் வந்த கமிகாஸி 7.06 வெளியீடு இந்தப் புது முறையில் ஆனது. பேக்கேஜின் பெயர், பதிப்பு, டவுன்லோட் முகவரி, சரிபார்ப்பு எண், எதை எங்கே வைக்க வேண்டும், இவ்வளவு சொன்னால் போதும். கடைசி வரியில் 'பில்ட்பேக்கேஜ்' என்று அழைத்தால் மீதி தானாக நடக்கும். டேலியில் வவுச்சர் போட்டதும் லெட்ஜர் தானாக ஏறுகிறதே, அது மாதிரி.

தாய்வீடான பில்ட்ரூட்டில் 2009 ஜனவரியில் பீட்டர் கோர்ஸ்கார்ட் பொறுப்பேற்றார். அடுத்த மாதமே 2009.02 என்ற முதல் நிலையான வெளியீடு. அதே ஆண்டில் எல்லா வகைப் பேக்கேஜுக்குமான பொதுப் படிவமும் வந்தது. முதலில் டைரக்டரியையும் பெயரையும் சொல்லி அழைக்க வேண்டியிருந்தது. 2012-க்குள் அதுவும் தேவையில்லாமல் போனது.

எனக்குப் பிடித்த விஷயம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை என்பதுதான். படிவத்திலிருந்து வருவதும் கடைசியில் மேக் விதிதானே! அதனால் பழைய ஃபைலும் புது ஃபைலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மாற்றினார்கள்.

நஷ்டமே இல்லையா? உண்டு. படிவத்தின் உட்புறம் டாலர் குறிகள் இரட்டையாக நிற்க, படிக்கவே தலை சுற்றும். அங்கே ஒரு தப்பு நடந்தால் எல்லாப் பேக்கேஜும் படுத்துவிடும். ஆனால் திருத்துவதும் அந்த ஒரே இடத்தில்தான்.

வரிகள் குறைந்ததை விடப் பெரிய லாபம் வேறு. ஃபைலைத் திறந்தால் அந்தப் பேக்கேஜுக்கே உரிய விஷயம் மட்டும் கண்ணில் படுகிறது. சரிபார்க்கிறவருக்கு வேலை மிச்சம், புதிதாக வருகிறவருக்குப் பயமும் குறைவு. மேக் முழுதாகத் தெரியாதவரும் ஒரு புரோகிராமைச் சேர்க்கலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.