நெடுந்தூர இரு சக்கர வாகனப் பயணத்தில் கை மரத்துப்போதல்: காரணங்களும் தடுப்பு முறைகளும்

கண்ணோட்டம்

மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டரை நெடுநேரம் ஓட்டும்போது விரல்கள் மரத்துப்போவதும், எறும்பு ஊர்வது போலவோ ஊசி குத்துவது போலவோ தோன்றுவதும் பலருக்கு ஏற்படும் தொல்லையாகும். வண்டியை நிறுத்திக் கையை உதறிய சில நிமிடங்களில் இது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அதனாலேயே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஆனால், இரண்டு காரணங்களால் இதனை அலட்சியம் செய்தல் கூடாது. முதலாவது, சாலைப் பாதுகாப்பு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளில் முன் பிரேக்கை இயக்குவது வலக்கை விரல்களே. அவை மரத்திருக்கும்போது பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணர இயலாது. ஒரு நொடித் தாமதமும் விபத்தாக முடியலாம். இரண்டாவது, நரம்பின் நலம். நாள்தோறும் அழுத்தத்திற்கு உள்ளாகும் நரம்பு, மாதங்கள் செல்லச் செல்ல நிலையாகப் பாதிக்கப்படக்கூடும். அந்நிலையில் சட்டைப் பொத்தான் போடுவது, எழுதுவது, தைப்பது போன்ற நுண்ணிய வேலைகளும் கடினமாகிவிடும்.

உணவு மற்றும் பொருள் விநியோகிப்போர், விற்பனைப் பிரதிநிதிகள், பால் வணிகர்கள், கூரியர் பணியாளர்கள் ஆகியோர் நாளின் பெரும்பகுதியை வண்டியிலேயே கழிக்கின்றனர். பண்டிகை நாட்களில் சென்னையிலிருந்து மதுரை வரையிலும் அதற்கு அப்பாலும் இரு சக்கர வாகனத்திலேயே சொந்த ஊர் செல்வோரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் கீழ்க்கண்ட தகவல்கள் பயன்படும்.

கை ஏன் மரத்துப்போகிறது?

இரத்த ஓட்டம் நின்றுவிடுவதாலேயே கை மரத்துப்போகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில், பெரும்பாலான நேரங்களில் நரம்பு அழுத்தப்படுவதே காரணம். நரம்புக்கும் அதற்கு ஊட்டமளிக்கும் மிகச் சிறிய இரத்தக் குழாய்களுக்கும் அழுத்தம் ஏற்படும்போது, நரம்பின் வழியே செல்லும் உணர்வுச் செய்தி தடைப்படுகிறது. அழுத்தம் நீங்கியவுடன் உணர்வு திரும்புகிறது. அழுத்தம் நெடுநாள் தொடர்ந்தால் நரம்பின் மேலுறையும், பின்னர் நரம்பிழையும் சேதமடைகின்றன.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் தடித்த தசைநார்ப் பட்டைக்கும் இடையே ஒரு குறுகிய பாதை உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடுநரம்பும் இதன் வழியே செல்கின்றன. மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைக்கும்போது இப்பாதையினுள் அழுத்தம் உயர்கிறது. கைப்பிடியை இறுகப் பற்றினால் மேலும் உயர்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகியபடியே மணிக்கட்டை வளைத்து வைத்திருக்கும் வலக்கையில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. நெரிசலான சாலையில் கிளட்சை மீண்டும் மீண்டும் பிடிக்கும் இடக்கையும் இவ்வாறே சோர்வடைகிறது.

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதைக் கவனியுங்கள்

மரத்துப்போகும் விரல்களை வைத்தே எந்த நரம்பு அழுத்தப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் அறியலாம். மருத்துவரிடம் செல்லும்போது இத்தகவல் மிகவும் உதவும்.

• கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி: மணிக்கட்டில் நடுநரம்பு அழுத்தப்படுகிறது. இது கார்பல் டனல் பாதிப்பு எனப்படும். இரவில் உறக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு மரத்துப்போவதும், கையை உதறினால் குறைவதும் இதன் முக்கிய அடையாளங்கள்.

• சுண்டு விரலும் மோதிர விரலின் மறு பாதியும்: அல்நார் நரம்பு அழுத்தப்படுகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியில் உடல் எடையைச் சாய்த்து ஓட்டுவதாலோ, முழங்கையை நெடுநேரம் மடக்கி வைப்பதாலோ இது நேரும். முழங்கை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போல் உணர்வோமே, அந்த நரம்பு இதுதான்.

• கட்டைவிரலை ஒட்டிய புறங்கைப் பகுதி: இறுக்கமான கைக்கடிகாரம், காப்பு, கயிறு, கையுறைப் பட்டை ஆகியவை தோலுக்குச் சற்றுக் கீழே செல்லும் நரம்பை அழுத்துகின்றன. இவற்றைக் கழற்றுவதோ தளர்த்துவதோ போதுமானது.

• கழுத்து அல்லது தோளில் தொடங்கிக் கை வரை பரவும் வலியும் மரப்பும்: கழுத்து எலும்புத் தேய்மானம், கழுத்து வட்டு விலகல் அல்லது தோள்பை வார் அழுத்துதல் காரணமாக இருக்கலாம்.

அதிர்வின் பங்கு

நிமிடத்திற்கு 5,000 முறை சுழலும் எஞ்சின், நொடிக்கு ஏறக்குறைய 83 அதிர்வுகளை உண்டாக்குகிறது. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட வண்டிகளில் இவ்வதிர்வு கைப்பிடியில் தெளிவாக உணரப்படும். அதிர்வு நரம்பு முனைகளைச் சோர்வடையச் செய்வதோடு, அறியாமலேயே கைப்பிடியை மேலும் இறுகப் பற்றவும் வைக்கிறது. இறுகப் பற்றினால் அதிர்வு கைக்குள் கூடுதலாகக் கடத்தப்படுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இச்சுழற்சியை முறிப்பதே தடுப்பு முறைகளின் அடிப்படை.

அதிரும் கருவிகளால் கைகள் பாதிக்கப்படுவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்ததே. அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், காற்றழுத்தச் சுத்தியலைப் பயன்படுத்திய தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் ஆராய்ந்து பதிவு செய்தார். குளிர் இப்பாதிப்பை அதிகப்படுத்தும். எனவே, அதிகாலைப் பயணத்திலும் உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பாதைகளிலும் விரல் நுனிகள் வெளுத்துப்போனால் அதனை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பயணத்திற்கு முன்: வண்டியைச் சரிசெய்தல்

1. கிளட்ச், பிரேக் லீவர்களின் கோணம்: இருக்கையில் இயல்பாக அமர்ந்து விரல்களை லீவர் மீது வையுங்கள். முன்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். மணிக்கட்டு மடங்கினால், பணிமனையில் லீவரின் கோணத்தை மாற்றித் தரக் கேளுங்கள். சில நிமிடங்களில் முடியும் இவ்வேலை, பலருக்குப் பெரும் நிவாரணம் அளிக்கிறது.

2. கிளட்ச் கேபிள்: கேபிள் இறுகியிருந்தால் எண்ணெய் இடுங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள்.

3. கைப்பிடி உறை: தேய்ந்து வழுக்கும் உறை, கையை இறுகப் பற்ற வைக்கும். மிகத் தடித்த உறையும் விரல்களைச் சோர்வடையச் செய்யும். உங்கள் கைக்குப் பொருந்தும் மென்மையான உறையைத் தேர்ந்தெடுங்கள்.

4. அதிர்வைக் குறைத்தல்: எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள், ஹேண்டில்பார் இணைப்புகள், செயினின் தொய்வு, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்கவும். காற்றழுத்தம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவில் இருத்தல் வேண்டும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் உள்ள எடைக்கட்டிகள் அதிர்வைக் குறைப்பதற்காகவே பொருத்தப்பட்டவை. அவற்றைக் கழற்றியிருந்தால் மீண்டும் பொருத்துங்கள்.

5. கையுறை: உள்ளங்கையில் மென்பஞ்சு வைத்த, இறுக்கமில்லாத கையுறை ஏற்றது. விரலிடுக்கில் தையல் உறுத்தக் கூடாது. கையுறையை அணிந்தபடி முஷ்டியை மடக்கிப் பார்த்து வாங்குங்கள்.

6. சுமை: கனமான பையைத் தோளில் மாட்டாமல் வண்டியின் பின்புறத்தில் உறுதியாகக் கட்டுங்கள். பையின் எடை கூடக்கூட உள்ளங்கையின் மீதான பாரமும் கூடுகிறது.

ஓட்டும் முறை

• கைகள் வண்டியைத் திசைதிருப்பவும் இயக்கவுமே தவிர, உடலைத் தாங்குவதற்கு அல்ல. முதுகு, வயிற்றுத் தசைகளால் உடலைத் தாங்கி, மோட்டார் சைக்கிளில் தொடைகளால் பெட்ரோல் டேங்க்கை மெதுவாக அணைத்து அமருங்கள்.

• முழங்கைகள் சற்று மடங்கியிருக்கட்டும். தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்க வேண்டாம்.

• முட்டையைப் பிடிப்பது போன்ற மென்மையான, ஆனால் நழுவாத பிடி போதுமானது. வண்டி ஓடும்போது உங்கள் பிடி இறுகியுள்ளதா என்பதை அவ்வப்போது எண்ணிப் பாருங்கள்.

• ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு மிகுதியாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட வேகத்திற்குள் சற்றுக் குறைத்தோ கூட்டியோ ஓட்டினால் அது தணியும்.

• மரத்த கையை உதறுவதற்காக ஓடும் வண்டியில் கைப்பிடியை விடாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்திய பின்னரே கையைத் தளர்த்துங்கள்.

ஓய்வும் எளிய பயிற்சிகளும்

மரத்துப்போகும் வரை காத்திராமல், ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் ஓய்வெடுங்கள், தண்ணீர் அருந்துங்கள். அந்நேரத்தில் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. விரல்களை நன்கு விரித்து, பின் மெதுவாக மடக்கவும். பத்து முறை செய்யவும்.

2. கையை முன்னே நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மறு கையால் விரல்களை மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்கவும். 15 முதல் 20 நொடி வரை வைத்திருக்கவும். இரு கைகளிலும் செய்யவும்.

3. தோள்களை முன்னும் பின்னுமாகப் பத்து முறை சுழற்றவும். கழுத்தை இரு புறமும் மெதுவாகச் சாய்க்கவும்.

வலி தோன்றினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

வண்டி ஓட்டுவது மட்டுமே காரணமா?

வண்டி ஓட்டாத நேரத்திலும் கை மரத்துப்போனால், வேறு நோய் மறைந்திருக்க வாய்ப்புண்டு.

• நீரிழிவு: பொதுவாகப் பாதங்களில் தொடங்கும் மரப்பு பின்னர் கைகளுக்குப் பரவும். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் வாய்ப்பையும் நீரிழிவு அதிகரிக்கிறது.

• தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கர்ப்பம்: இவை மணிக்கட்டுப் பாதையைச் சுற்றி வீக்கத்தை உண்டாக்குகின்றன. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் தோன்றும் மரப்பு பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் குறையும்.

• வைட்டமின் பி12 குறைபாடு: முற்றிலும் சைவ உணவு உண்போர், நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்வோர், மது அருந்துவோர் ஆகியோரிடம் காணப்படுகிறது.

• தொழுநோய்: உணர்ச்சியற்ற வெளிறிய அல்லது சிவந்த படை, முழங்கையின் உட்புறத்தில் தடித்த நரம்பு, சுண்டு விரல் மடங்கிப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். தொழுநோய் முற்றிலும் குணப்படுத்தக்கூடியது. இதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் ஊனத்தைத் தவிர்க்கலாம். அச்சமோ தயக்கமோ வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை

பரிசோதனை இன்றி மருந்துக் கடையில் ‘நரம்பு மாத்திரை’ வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்ளாதீர்கள். அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் உள்ள வைட்டமின் பி6, அளவு மிகுந்தால் தானே நரம்பைப் பாதிக்கும். முடிதிருத்தகங்களில் கழுத்தை வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கெடுப்பதையும் தவிருங்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்படும் அபாயம் அதில் உண்டு. உணர்வற்ற கையில் கொதிநீர் ஒத்தடம் கொடுத்தால் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். புகைப்பழக்கம் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அதனைக் கைவிடுவது நல்லது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• ஓய்வெடுத்த பின்னும் மரப்பு ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால்

• இரவில் மரப்பால் உறக்கம் கலைந்தால்

• பொருட்கள் கையிலிருந்து நழுவினால், அல்லது சாவி திருப்புதல், பொத்தான் போடுதல் கடினமானால்

• கட்டைவிரலின் அடிப்பகுதித் தசையோ விரலிடுக்குத் தசையோ மெலிந்து குழி விழுந்தால்

• மரப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் மீண்டும் மீண்டும் வந்தால்

கடைசி இரண்டிற்கும் முன்பே வருவது சிறந்தது. மெலிந்துவிட்ட தசை, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னரும் முழுமையாக மீளாமல் போகலாம்.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டியவை: ஒரு பக்கக் கை திடீரென மரத்து வலுவிழத்தல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறலுடன் இடக்கை வலித்தாலோ மரத்தாலோ மாரடைப்பாக இருக்கலாம். இந்நிலையில் நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லாதீர்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

மருத்துவர் உங்கள் விரல்களின் உணர்வையும் வலுவையும் சோதிப்பார். மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்து மரப்புத் தோன்றுகிறதா எனப் பார்ப்பார். இரத்தச் சர்க்கரை, தைராய்டு ஆகிய பரிசோதனைகளும், தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் பரிந்துரைக்கப்படும்.

தொடக்க நிலையில், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிதல், இயன்முறைப் பயிற்சி, வண்டி ஓட்டும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவற்றாலேயே பலர் நலமடைகின்றனர். குறையாதவர்களுக்கு மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசியும், நரம்பு தொடர்ந்து நசுங்கினால் தசைநார்ப் பட்டையைத் தளர்த்தும் சிறு அறுவைச் சிகிச்சையும் பயனளிக்கும்.

முதற்கட்ட ஆலோசனைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தொலைபேசி வழியாக ஆலோசனை பெற 104 என்னும் எண்ணை அழைக்கலாம். வரும்போது எந்த விரல்கள் மரத்துப்போகின்றன, எவ்வளவு நேரம் ஓட்டிய பின் தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்னும் மூன்று விவரங்களையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.