நீர்விளிம்பின் சாந்து

நீச்சல் குளத்துச் சுவரின் தலைப்பில் பாவப்படும் விளிம்புக் கற்களையும், அவற்றைச் சுவரோடு பிணைக்கும் சாந்தையும் பேணும் சிக்கல், நீரைத் தேக்கிக் குளிக்கும் வழக்கத்தைப் போலவே பழைமையானது. மொகஞ்சதாரோவில் 1925-26ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதன் சுட்ட செங்கற்கள் நெருக்கி அடுக்கப்பட்டு, ஜிப்சம் என்னும் கனிமத்தாலான சாந்தால் இணைக்கப்பட்டிருந்தன. சுவருக்குப் பின்னால் நிலக்கீல், அதாவது நிலத்திலிருந்து ஊறும் தார் போன்ற பொருள், பூசப்பட்டிருந்தது. இறுகும் சாந்தும் நெகிழும் பூச்சும் ஒரே கட்டுமானத்தில் தத்தம் இடத்தில் அமைந்த இந்த ஏற்பாடு, பின்னாளில் நெடுங்காலம் மறக்கப்பட்ட ஓர் அறிவாகும்.

வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்தே இறுகுவதால், நீருக்கடியில் அது பிடிப்பதில்லை. ரோமானியர் நேப்பிள்ஸ் வளைகுடாக் கரையின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து இக்குறையைத் தீர்த்தனர். அக்கலவை நீருக்குள்ளேயே கெட்டிப்படும் என்பதைக் கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் பதிவு செய்துள்ளார். எரிமலைச் சாம்பலுக்குப் பதிலாகச் செங்கல்லைப் பொடித்துச் சேர்ப்பதும் உண்டு. இந்தியாவில் சுர்க்கி எனப்படும் அதே செங்கற்பொடியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையே 1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணையிலும் இடம்பெற்றது.

ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், 1759இல் நிறைவேறிய எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காகச் சாந்துகளைச் சோதித்தபோது, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பே நீரில் நன்கு இறுகுகிறது என்று கண்டறிந்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த சிமெண்டுகள், விரைவில் இறுகி மிகுந்த வலிமை தருவதால், சுண்ணாம்பின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. அந்த வலிமையே விளிம்புக் கற்களுக்குப் பகையானது. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் இடைவிடாது அசையும் கல்லுக்குச் சுண்ணாம்புச் சாந்து சற்றே இடம் கொடுக்கும். கல்லினும் கடினமான சிமெண்டோ இடம் கொடாது, ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களின் இணைப்புகளை இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டால் அடைத்த பல இடங்களில், சாந்து நிலைத்து நிற்கக் கல்லின் ஓரங்களே பொரிந்து உதிர்ந்தன. தேய வேண்டியது மலிவான சாந்தேயன்றி அரிய கல்லன்று என்ற பழைய கொத்தர்களின் கணக்கு தலைகீழானது. குளிர்நாடுகளில் இக்கேடு பன்மடங்காகிறது. ஏனெனில் விரிசலுக்குள் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருத்துக் கல்லைப் பெயர்க்கிறது.

இன்றைய கான்கிரீட் குளங்களில் கேட்டுக்கு இன்னொரு வாயிலும் உண்டு. விளிம்புக் கல் குளத்துச் சுவரின்மேல் அமர்ந்திருக்க, அதை அடுத்த நடைதளம் மண்ணின்மேல் தனியாகக் கிடப்பதால், இரண்டும் வெவ்வேறு அளவில் அசைகின்றன. அவற்றினிடையே விடவேண்டிய இடைவெளியைச் சாந்தால் நிரப்பினால், வெயிலில் விரியும் தளம் கல்லைத் தள்ள, கல்லின் அடிச்சாந்து பிளக்கிறது. ஆகவே பழுதுபார்ப்போர், உதிர்ந்த சாந்தை இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்கேனும் சுரண்டியெடுத்து, தூசி நீக்கி நனைத்து, கல்லைவிட மென்மையான கலவையை அழுத்தித் திணித்து, சில நாள்கள் ஈரம் காய விடாமல் காக்கின்றனர். தளத்தையொட்டிய இடைவெளியில் மட்டும் நுரைக்கயிறு பொதிந்து, பாலியூரித்தேன் போன்ற ரப்பர்த் தன்மையுள்ள பசையால் மூடுகின்றனர். அந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைப்பது எக்காலத்தும் பழுதுபார்ப்பு ஆகாது.