வரிக்கு ஊழியர், விடுப்புக்கு யார்?

2021 ஜனவரி. இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கு. ரெடிங் நகரில் எங்கள் சமையலறை மேஜையின் ஒரு முனையில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, மறுமுனையில் எனக்கு மென்பொருள் சோதனை வேலை. அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. சொந்தக் கம்பெனி வழியாக வேலை பார்க்கும் காண்ட்ராக்டர்களை ஏப்ரல் 6 முதல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். பேரோலுக்கு வரலாம், இல்லையேல் கிளம்பலாம்.

மதுரையிலிருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "நிரந்தர வேலைதானேடி? இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? ஐந்து ஆண்டுகளாக அதே நிறுவனம்தான், ஆனால் நான் அதன் ஊழியர் இல்லை. என் பெயரில் ஒரு சின்ன லிமிடெட் கம்பெனி. அதன் ஒரே இயக்குநர், ஒரே பங்குதாரர், ஒரே தொழிலாளி எல்லாம் நானே. நிறுவனம் என் கம்பெனிக்குப் பணம் தரும். அதில் கொஞ்சத்தைச் சம்பளமாகவும் மிச்சத்தை டிவிடெண்டாகவும் எடுத்துக்கொள்வேன். டிவிடெண்டுக்குத் தேசியக் காப்பீட்டுச் சந்தா கிடையாது என்பதால் கையில் சற்றுக் கூடுதலாக நிற்கும். விடுமுறைச் சம்பளம், நோய்க்கால ஊதியம் எதுவும் நிறுவனத்திடமிருந்து வராது.

இந்த ஏற்பாட்டின் மீது அரசு கைவைத்தது 1999இல். மார்ச் 9 பட்ஜெட் அன்று வரித்துறை விட்ட செய்திக்குறிப்பின் எண் ஐ.ஆர்.35. அந்த எண்ணே சட்டத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நடுவிலிருக்கும் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவர் ஊழியர் போலவே இருக்கிறாரா? அப்படியானால் ஊழியருக்குரிய வரியைக் கட்டவேண்டும். அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு முதலில் நம்மிடமே இருந்தது. 2017இல் அரசுத் துறைகளிலும், 2021 ஏப்ரலில் பெரிய, நடுத்தரத் தனியார் நிறுவனங்களிலும் அது வேலை தருபவர் தலைக்கு மாறியது. தலைக்கு வந்ததும் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள்.

என் பயம் எளிமையானது. மார்ச்சில் காண்ட்ராக்டர், ஏப்ரலில் ஊழியர். அதே வேலை, அதே மேலாளர். அப்படியானால் கடந்த ஐந்து ஆண்டுகளும் நான் யார்? கையெழுத்துப் போடுவதே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடாதா? வரித்துறையால் பொதுவாக 4 ஆண்டும், கவனக்குறைவு என்றால் 6 ஆண்டும், வேண்டுமென்றே ஏய்த்திருந்தால் 20 ஆண்டும் பின்னோக்கிப் போக முடியும். இந்த மாற்றத்தில் கிடைக்கும் தகவலை வைத்துப் பழைய ஆண்டுகளைத் தோண்ட மாட்டோம், மோசடிச் சந்தேகம் இருந்தாலொழிய என்று வரித்துறை சொல்லியிருந்தது. அறிவிப்புதான், சட்டமில்லை.

கணக்காளராக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லீவு எடுக்கேக்க அவையளிட்டக் கேட்டனீரோ, சொன்னனீரோ?"

கேட்டேன். மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்குக்கூடக் கேட்டுத்தான் போனேன். எனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. ஒருநாளும் அனுப்பியதில்லை, அனுப்பியிருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்விதான் என்னைப் பழைய வழக்குகளுக்குள் இழுத்துப் போனது. அங்கே எனக்கு முன்பே பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஏர்ஃபிக்ஸ் ஃபுட்வேர் நிறுவனத்துக்காக ஏழு ஆண்டுகள் வீட்டிலிருந்தே செருப்புக்குக் குதிகால் பொருத்திய திருமதி கோப். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி, வரிப்பிடித்தம் கிடையாது. 1978இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவரை ஊழியர் என்றது. கால்சட்டைக்குப் பை தைத்த செயின்ட் நியாட்ஸ் பெண்கள் 1984இல் ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் வென்றார்கள். 1999 நவம்பரில் வந்தது இன்னொரு தீர்ப்பு. பிளைத் மின்நிலையங்களைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டிய இரண்டு பெண்கள், எங்கள் பணி நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டுமே கேட்டிருந்தார்கள். அவர்கள் கூலியில் வரியும் காப்பீட்டுச் சந்தாவும் பிடிக்கப்பட்டுவந்தன. ஆனாலும் பிரபுக்கள் சபை, நீங்கள் ஊழியர் இல்லை என்றது.

வரி பிடிக்காத கோப் ஊழியர். வரி பிடித்த வழிகாட்டிகள் ஊழியர் இல்லை. வரியும் உரிமையும் இரண்டு வேறு வாசல்கள். நான் மேலாளரிடம் அனுமதி கேட்டது, வரி வாசலில் எனக்கு எதிரான சாட்சி. உரிமை வாசலில் அதே சாட்சியைக் கொண்டுபோய் விடுமுறைச் சம்பளம் கேட்டிருக்கலாம். அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடுதல் பணத்துக்கு நானும் ஆசைப்பட்டவள்தானே.

புகழ்பெற்றவர்களும் தப்பவில்லை. பி.பி.சி. தொகுப்பாளர் கிறிஸ்டா ஆக்ராய்டைச் சொந்தக் கம்பெனி வழியாக ஒப்பந்தம் போடச் செய்தது பி.பி.சி.யின் ஊக்கமும்தான். 2018இல் தீர்ப்பாயம் அவரை ஐ.ஆர்.35க்குள் வைத்தது, கேட்கப்பட்ட தொகை 4 லட்சம் பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டு லொரெய்ன் கெல்லி வென்றார். 2018இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த கர்ஸ்டி லாங், புற்றுநோய்ச் சிகிச்சையின்போதும் வேலை பார்க்க வேண்டியிருந்ததைச் சொன்னார். கம்பெனி நடத்துபவருக்கு நோய்க்கால ஊதியம் யார் தருவார்?

2021 மாற்றமும் இதைச் சரிசெய்யவில்லை. சொந்தக் கம்பெனியோடு ஐ.ஆர்.35க்குள் நிற்பவருக்கு ஊழியர் போல வரி பிடிப்பார்கள். வேலை தரும் நிறுவனம் ஒருநாள் விடுப்பும் தர வேண்டியதில்லை.

எனக்கு அப்போது 36 வயது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கம்பெனியிலிருந்தே மகப்பேறு ஊதியம் எடுக்கலாம்தான். முதல் 6 வாரம் சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம். வரிக்காகச் சுருக்கி வைத்த சம்பளத்தில் 90 சதவீதம்! பேரோலில் முழுச் சம்பளத்துக்குக் கணக்கு. ஆனால் பிரசவத் தேதிக்கு 15 வாரம் முந்தைய வாரத்துக்குள் அதே முதலாளியிடம் 26 வாரம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். மாதவிடாய்த் தேதிகளையும் வரியாண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடும் முன் மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்டேன்: என் ஐந்து ஆண்டுகளையும் பணிக்காலமாகச் சேர்ப்பீர்களா? மறுநாளே பதில். அது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான வணிக ஒப்பந்தம். அந்தக் காலத்தில் நீங்கள் எந்த விதத்திலும் எங்கள் ஊழியராக இருந்ததில்லை.

படித்துவிட்டு அழுகை வந்தது. அக்காவுக்கு அனுப்பினேன். "அழாதையும்," என்றார். "வரிக்காரர் வந்தா இதைவிட நல்ல சாட்சி உமக்குக் கிடைக்காது. பத்திரமா வையும்."

அச்செடுத்துப் பழைய ஒப்பந்தங்களோடு ஒரே கோப்பில் வைத்தேன். 2027 ஏப்ரல் வரை அதைத் தூக்கிப்போடப் போவதில்லை.